வடிகால் இல்லாத தரை

அந்த வீடியோவை முதன்முதலில் பார்த்தது 2022 கடைசியில், ஒரு இரவு ஷிஃப்டில். மணி மூன்றரை இருக்கும். சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனத்தின் ஏழாவது மாடி. வரிசையில் டிக்கெட் எதுவும், அதாவது சரிசெய்யச் சொல்லி வரும் பழுதுப் பதிவு எதுவும், நிற்காத கால் மணி நேரம். எங்கள் வேலையில் அது வாய்ப்பதே அபூர்வம். தங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கீழே ஒரே வரி: "அண்ணா, இது உன்ன மாதிரியே இருக்கு."

கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே ஒரு ரோபோ கை. கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்கிற ரகம். அதைச் சுற்றித் தரையில் ரத்தம்போல அடர்சிவப்பில் ஏதோ திரவம் மெல்லப் பரவுகிறது. கை சட்டென்று திரும்புகிறது, முனையில் பொருத்திய வைப்பரால் அதை இழுத்துத் தன் காலடிக்குக் கொண்டுவருகிறது. இந்தப் பக்கம் இழுத்து முடிப்பதற்குள் அந்தப் பக்கம் ஓடிவிடுகிறது. அங்கே திரும்புகிறது. சுவரெல்லாம் தெறிப்பு. பின்னணியில் சோகமாகப் பியானோ. திரையில் ஓடிய எழுத்துகள் சொன்ன கதை இதுதான்: அந்தத் திரவம் ரோபோவின் உடம்பிலிருந்து கசியும் ஹைட்ராலிக் எண்ணெய். அது தீர்ந்தால் ரோபோ செத்துவிடும். அதனால்தான் ஓயாமல் அள்ளுகிறது. ஆரம்பத்தில் பார்க்க வந்தவர்களுக்காக நடனமெல்லாம் ஆடியது, போகப்போக அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது. 2019ல் களைத்துப்போய் ஒரேயடியாக நின்றுவிட்டது.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என்னைப் போலவே பலர் அழுதிருந்தார்கள். 'இது நான்தான்' என்று எழுதாத ஆளில்லை. வாடகைக்காக, கடன் தவணைக்காக, பிள்ளைகளின் படிப்புக்காக என்று ஆளுக்கொரு கசிவைச் சொல்லியிருந்தார்கள்.

அப்புறம், விடிந்து வீட்டுக்குப் போன பிறகு, தூக்கம் வராமல் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். கதையில் பாதிக்கு மேல் உண்மையில்லை.

அந்தப் படைப்பின் பெயர் 'கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்'. 'என்னை என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை' என்று தமிழில் சொல்லலாம். பெய்ஜிங்கில் வாழும் சுன் யுவான், பெங் யூ என்ற கலைஞர் இணை, நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் கேட்டுக்கொண்டதன் பேரில் 2016ல் செய்தது. கை, கூக்கா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோ. அது ஓடுவது மின்சாரத்தில். சிவப்புத் திரவத்துக்கும் அதன் உயிருக்கும் சம்பந்தமே இல்லை. தண்ணீரில் நிறம் கலந்து, செல்லுலோஸ் ஈதர் சேர்த்துக் கொழகொழப்பாக்கியது. சுவருக்குப் பட்டி பார்க்கிற மாவிலும் அதே இனப் பொருள்தான் சேர்கிறது. தரையில் திரவம் எங்கே இருக்கிறது என்று கேமரா பார்க்கிறது. குறித்த எல்லையைத் தாண்டினால் கைக்கு உத்தரவு போகிறது. கைக்கு மொத்தம் 32 அசைவுகள் கற்றுக்கொடுத்திருந்தார்கள்; குனிந்து வணங்கி உதறுவது, அரிக்கிற இடத்தைச் சொறிவது என்று அவற்றுக்குப் பெயர்களும் உண்டு. நடனம்போலத் தெரிந்தது அதுதான். 2019ல் இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் நடக்கும் பியன்னாலே என்ற பெரிய கலைக் கண்காட்சியில் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். கண்காட்சி முடிந்தது, நிறுத்தினார்கள். சாவு ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். முதலில் காட்சிக்கு வைத்தபோது இது வேலையைப் பற்றிய படைப்பு என்று அருங்காட்சியகம் சொல்லவில்லை. நாட்டு எல்லைகள், அவற்றைத் தாண்டி வரும் மனிதர்கள், அவர்களைக் கண்காணித்துத் தடுக்கும் அதிகாரம், அந்தக் காவலில் சிந்தும் ரத்தம் என்றுதான் விளக்கம் கொடுத்தது. யோசித்துப் பார்த்தால் பொருத்தம்தான். கோடு, கோட்டைத் தாண்டுவது, பார்க்கும் கண், திரும்ப இழுத்துவரும் கை. எல்லாம் இருக்கிறது. ஆனால் கைபேசியில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் எல்லைக் காவலை நினைக்கவில்லை. தங்கள் வேலையை நினைத்தார்கள். கலைஞர்கள் வைக்காத ஹைட்ராலிக் எண்ணெயை ரோபோவின் உடம்புக்குள் வைத்தது பார்த்தவர்கள்தான். இதை வெறும் வதந்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. தன் உயிர் தன்னிலிருந்தே ஒழுகுவதாகவும் அதைத் திரும்பச் சேர்ப்பதே தன் முழுநேர வேலையாகிவிட்டதாகவும் இத்தனை பேர் ஒரே நேரத்தில் உணர்ந்திருக்கிறார்கள். ரோபோவைப் பற்றிய தகவலாக அது பொய். அவர்களைப் பற்றிய தகவலாக நான் அதை நம்புகிறேன்.

மறுநாள் இரவு நடந்தது எனக்கு இதைவிட முக்கியம்.

எங்கள் தளத்தில் விடியற்காலை நான்கு மணிக்குத் தரை துடைப்பார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு அக்கா, கேளம்பாக்கம் பக்கமிருந்து வருபவர். "காலத் தூக்குங்க தம்பி" என்றபடி மேசைகளுக்கு அடியில் மாப்பை விடுவார். கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளில் மணிக்கொரு தடவை அவர் கையெழுத்துப் போட வேண்டும். துடைத்த தரையைப் படம் எடுத்து மேற்பார்வையாளரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்ப வேண்டும். அன்று அந்த வீடியோவை அவரிடம் காட்டினேன். அவரும் கலங்குவார் என்றுதான் நினைத்தேன்.

மாப்பின் கைப்பிடியில் சாய்ந்தபடி முழுதும் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் தம்பி நடுவுலயே தள்ளுது? நடுவுல தள்ளுனா மறுபடி ஓடத்தானே செய்யும். ஒரு ஓரமா வடிகால் வெச்சிருந்தா நாலு இழுப்புல முடிஞ்சிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "யாரு இதுக்கு வேலை சொல்லிக் குடுத்தது?" என்றார்.

நானும் இந்தப் படைப்பைப் பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் கையைப் பார்த்தோம். அதன் களைப்பைப் பார்த்தோம். தரை துடைப்பதையே தொழிலாகக் கொண்டவர் தரையைப் பார்த்தார். வேலை முடியாமல் போவதற்குக் காரணம் கையில் இல்லை, அந்தத் தரையை வடிவமைத்த விதத்தில் இருக்கிறது என்று அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது.

எங்கள் வேலையிலும் அப்படியொரு தரை இருந்தது. ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர். அவர்களுடைய கிடங்குச் சரக்குக் கணக்கை எடுத்துக் கணினியில் ஏற்றும் பேட்ச் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல், எங்கள் நேரப்படி இரவு இரண்டு மணிக்குத் தொடங்கும். அதற்குத் தேவையான கோப்போ பெரும்பாலும் இரண்டு பத்து, இரண்டு இருபதுக்குத்தான் வந்து சேரும். கோப்பு இல்லாமல் ஜாப் விழும். டிக்கெட் எழும். சுவரில் மாட்டிய பெரிய திரையில் அது முதலில் மஞ்சளாகும், கவனிக்காவிட்டால் சிவப்பாகும். நாங்கள் கோப்பு வரும்வரை காத்திருந்து, கையால் ஜாப்பை மறுபடி ஓடவிட்டு, டிக்கெட்டை மூடுவோம். ஆறு நிமிட வேலை. ஒரு வருடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட தடவை அதே டிக்கெட், அதே ஆறு நிமிடம், அதே விளக்கத்தை ஒட்டி மூடுவது. மாதக் கடைசியில் வரும் அறிக்கையில் அதெல்லாம் எங்கள் திறமைக்குச் சான்றாகப் பச்சை நிறத்தில் நிற்கும்.

ஜாப்பை இரண்டரைக்குத் தள்ளி வைத்தால் போதும். அது எனக்கு முன்பே தெரியும், எல்லோருக்கும் தெரியும். அக்கா பேசிய பிறகு அதைத் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்க முடியவில்லை. மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கதவைச் சாத்திவிட்டுப் பொறுமையாக விளக்கினார். டிக்கெட் எண்ணிக்கையை வைத்துத்தான் அடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று முடிவாகும். முந்நூறு டிக்கெட் மறைந்தால் இரண்டு ஆள் மறைவார்கள். "பதினோரு பேரு இருக்காங்க. யாரப்பா அனுப்பச் சொல்ற?"

எழுத்துமூலம் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார், ஜாப் இரண்டரைக்குப் போனது. அன்றிரவு இரண்டு மணிக்குத் திரை பச்சையாகவே இருந்ததை நின்று பார்த்தேன். அடுத்த ஒப்பந்தத்தில் ஒன்பது பேர். வயதில் சிறியவர்கள் இருவரைப் பெஞ்சுக்கு, அதாவது அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருப்போர் பட்டியலுக்கு, அனுப்பினார்கள். அவர்களில் ஒருவன் மூன்றே மாதத்தில் வேலையை விட்டுப் போனான். அவனுக்கு நான் அனுப்பிய செய்திக்கு இன்றுவரை பதிலில்லை.

செய்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த ரோபோவை வேறு மாதிரி பார்க்கிறேன். கண்ணாடிக்குள் ஒரு வடிகால் வைத்துவிட்டால் நான்கே இழுப்பில் தரை சுத்தமாகிவிடும். அதன் பிறகு அந்தக் கைக்கு அங்கே இருக்க ஒரு காரணமும் இல்லை. கசிவுதான் அதன் வேலைக்கு உத்தரவாதம். எங்கள் துறையில் எத்தனை தரைகளில் வேண்டுமென்றே வடிகால் வைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இதே காரியத்தை எதிர்த் திசையிலிருந்து செய்து காட்டிய ஒரு சிற்பம் இருக்கிறது. அமெரிக்கரான ஆர்தர் கான்சன் 1992ல் செய்த 'மெஷின் வித் கான்கிரீட்'. ஒரு மேசை நீளம்தான் இருக்கும். ஒரு முனையில் மின் மோட்டார், நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று. அதற்கடுத்து வார்ம் கியர்கள், அதாவது வேகத்தைக் குறைக்கும் திருகுப் பல்சக்கரங்கள், வரிசையாகப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் வேகத்தை ஐம்பதில் ஒரு பங்காகக் குறைக்கிறது. நானே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதல் கியருக்குப் பிறகு நிமிடத்துக்கு 4 சுற்று. இரண்டாவதற்குப் பிறகு பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. மூன்றாவதில் ஒரு சுற்றுக்குப் பத்தரை மணி நேரம். நான்காவதில் மூன்று வாரம், ஐந்தாவதில் ஏறக்குறைய மூன்று வருடம், ஆறாவதில் 148 வருடம். கடைசிச் சக்கரம் ஒருமுறை சுற்ற 2.3 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். அதனால் அந்தக் கடைசி அச்சை ஒரு கான்கிரீட் கட்டிக்குள் புதைத்துவிட்டார் கான்சன். மோட்டார் நிற்பதில்லை, எரிவதும் இல்லை, திணறுவதும் இல்லை. இந்த முனையில் விர்ரென்று சுழல்கிறது. அந்த முனையில் கல்.

அவர் இதை வேலையைக் குறித்துச் செய்ததாக நான் சொல்ல மாட்டேன். காலத்தைப் பற்றிய படைப்பாகத்தான் பெரும்பாலோர் அதைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய நிறுவனத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்து, தான் எழுதிய அறிக்கை மேலே எத்தனை கை மாறிப் போகிறது என்று யோசித்த எவருக்கும் ஆறாவது சக்கரம் எங்கே இருக்கிறதென்று தெரியும்.

2024ல் மூன்று வாரம் பாசல் நகரத்துக்கு ஆன்சைட், அதாவது வாடிக்கையாளரின் இடத்திலேயே வேலை செய்ய, அனுப்பினார்கள். சுவிட்சர்லாந்தில் ரைன் நதிக்கரையில் இருக்கிற ஊர், மருந்து நிறுவனங்களின் ஊர். முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்துகொண்டிருந்தபோது நாடக அரங்கத்துக்குப் பக்கத்தில் அகலமான, ஆழமில்லாத குளம் ஒன்று எதிர்ப்பட்டது. அதில் கறுப்பு இரும்பில் பத்து உருவங்கள் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தன. ஒன்று பீய்ச்சுகிறது, ஒன்று தலையை ஆட்டுகிறது, ஒன்று சிலந்திபோல் கால் பரப்பி நிற்கிறது. அங்கேதான் சிற்பி ழான் டாங்கெலியை முதன்முதலில் சந்தித்தேன் என்று சொல்ல வேண்டும்.

டாங்கெலி 1925ல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரத்தில் பிறந்தவர், வளர்ந்தது பாசலில். கடைக் காட்சிச் சாளரங்களை அலங்கரிக்கும் தொழிலை முறைப்படி கற்றவர். பழைய இரும்பு, சைக்கிள் சக்கரம், பெல்ட், மோட்டார் எது கிடைத்தாலும் சேர்த்து அசையும் உருவங்கள் செய்தார். 1960 மார்ச் 17 அன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் பெரிய இயந்திரத்தை ஓடவிட்டார். 27 நிமிடம் ஓடித் தீப்பற்றி, தீயணைப்பு வீரர் வந்து அணைக்க வேண்டியதாயிற்று. 1967ல் 'ரோட்டோசாசா' என்ற இயந்திரம். அது பந்துகளை வெளியே எறியும். பார்க்க வந்தவர்கள் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து அதன் வாயில் போடுவார்கள், மறுபடி எறியும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அந்த இயந்திரத்துக்கு வேலைக்காரர்களாகிவிடுவார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. அதே வரிசையில் இன்னொரு இயந்திரம் பெர்ன் நகரத்தில் ஒரு பெரிய கடையின் காட்சிச் சாளரத்தில், எல்லோரும் பார்க்கத் தட்டுகளாக உடைத்துக்கொண்டிருந்தது. பொருளை வாங்கத் தூண்டும் சாளரம், அதை அலங்கரிக்கப் படித்த கை, அங்கேயே தட்டு உடைக்கும் இயந்திரம். ஐம்பது வருடம் ஆகியும் அதன் கோபம் ஆறவில்லை என்று எனக்குப் படுகிறது.

குளத்துக்கு வருகிறேன். அதை அவர் 1977ல் செய்தார். அங்கே முன்பு பழைய நாடக அரங்கம் இருந்தது, அதை இடித்தபோது கிடைத்த மேடை இயந்திரப் பாகங்களை இந்த உருவங்களுக்குப் பயன்படுத்தினார். பத்துக்கும் பாசல் வட்டார வழக்கில் பெயர் உண்டு. ஒன்றின் பெயர் 'ஷூஃப்ளர்'. மண்வாரியால் அள்ளிப் போடுபவன் என்று பொருள். இன்னொன்று சல்லடை. அள்ளுகிறவன் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குளத்திலேயே போடுகிறான். சல்லடை தண்ணீரை எடுக்கிறது, அது ஒழுகிக் குளத்துக்கே போகிறது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். வடிகால் இல்லாத தரை, மறுபடியும். அள்ளுவதும் அதே அள்ளல், முடியாததும் அதே முடியாமை. ஆனால் சுற்றிலும் குழந்தைகள் சிரித்தார்கள். சுவரில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முகத்திலும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. நியூயார்க்கின் கை எல்லோரையும் அழ வைத்ததே, இது ஏன் சிரிக்க வைக்கிறது?

அந்த மூன்று வாரமும் மாலை வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்பச் செய்வதுதான் துக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியென்றால் ஷூஃப்ளரைப் பார்த்தும் துக்கம் வர வேண்டும். என் அம்மா முப்பது வருடமாக ஒரே வாசலைப் பெருக்குகிறார். அதைப் பார்த்து எனக்குத் துக்கம் வந்ததில்லை. வித்தியாசம் கோட்டில் இருக்கிறது. ஷூஃப்ளருக்குத் தண்ணீர் எங்கே போக வேண்டும் என்ற கணக்கு கிடையாது. அள்ளியது பாதி வழியில் கொட்டினாலும் அதைப் பார்த்து எந்தத் திரையும் சிவப்பாகாது. கண்ணாடிக்குள் இருந்த கைக்கோ தரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டார்கள், மேலே ஒரு கண்ணையும் வைத்துவிட்டார்கள். ஓடித்தான் தீரும் திரவத்தைக் கொடுத்து, ஓடினால் உன் குற்றம் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் கழிவறைத் தாளில் மணிக்கொரு கட்டம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. தரை அழுக்காவது அவர் கையில் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, நதிக்கரைப் பூங்காவில் இருக்கும் டாங்கெலி அருங்காட்சியகத்துக்குப் போனேன். சுவிஸ் கட்டடக் கலைஞர் மாரியோ போட்டா வடிவமைத்த கட்டடம், 1996ல் திறந்தது. உள்ளே பெரிய பெரிய இயந்திரங்கள் அசையாமல் நிற்கின்றன. முன்னால் தரையில் ஒரு பொத்தான் இருக்கும். காலால் மிதித்தால் மொத்தமும் கடகடவென்று உயிர்பெற்றுச் சக்கரங்கள் சுழலும், சுத்தியல்கள் அடிக்கும், எங்கோ ஒரு பொம்மை எழுந்து உட்காரும். சில நிமிடம்தான். பிறகு தானே நின்றுவிடும். நின்ற பிறகு பொத்தானை எத்தனை தடவை மிதித்தாலும் அசையாது.

பழுதாகிவிட்டதோ என்று பயந்துபோய் அங்கிருந்த காவலர் அம்மாவிடம் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். எல்லாம் பழைய இரும்பு, பழைய மோட்டார். தேய்ந்துபோகாமல் இருப்பதற்காக ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அதற்கு ஓய்வு நேரம் வைத்திருக்கிறார்களாம். அந்த நேரம் முடிகிறவரை யார் வந்து கேட்டாலும் ஓடாது. "காத்திருங்கள்" என்று சைகை காட்டினார்.

எதிரே தரையில் உட்கார்ந்தேன். ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து பொத்தானை மிதித்தான். இரண்டு கால்களாலும் ஏறி நின்று பார்த்தான். குதித்தும் பார்த்தான். அசையவில்லை. அவன் அம்மா ஏதோ சொன்னார், எனக்குப் புரியாத மொழி. அவன் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். பிறகு வந்து எனக்குப் பக்கத்தில், அதே தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.